ரிலீவர் வராமல் எழுந்திருக்க மாட்டார்

கடலூர் மாவட்டத்திலேயே வேலை போன பிறகும் ஷிப்ட் முடியாத ஒரே மனிதர் எங்கள் ரிலீவர் மாமாதான். கம்பெனியை மூடிவிட்டார்கள், கேட்டில் பூட்டுத் தொங்கியது, சங்கு ஊதிய இடத்தில் காக்கை கூடு கட்டிவிட்டது. மாமா மட்டும் டியூட்டியில் இருந்தார். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவன்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் ரோட்டில், சாயம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். சாயத்துக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு எந்நேரமும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆட்களில் அவர் மூத்தவர், நான் அவருக்கு அடுத்தவன். பாய்லர் ரூமில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து, நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, நோட்டில் கையெழுத்துப் போடும்வரை இருக்கிறவன் நகரக் கூடாது. அப்படி மாற்றிவிட வருகிறவனுக்குப் பெயர்தான் ரிலீவர். நாங்கள் எல்லாரும் அந்தச் சட்டத்தை பாய்லர் ரூமிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். மாமா அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் முதுநகர் கத்தோலிக்கன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்தி வந்து முந்திக் கிளம்புகிற ரகம். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. அவர் என்னை மச்சான் என்றார், நான் மாமா என்றேன், அவர் மனைவி எனக்கு அக்கா ஆகிவிட்டார். ஷிப்ட் வேலையில் உறவு அப்படித்தான் முளைக்கும்.

மாமாவின் கல்யாணக் கதை கம்பெனி முழுக்கப் பிரசித்தம். லீவு கல்யாணத்தன்று காலையிலிருந்துதான் எழுதிக் கொடுத்திருந்தார், ஆகவே முதல் நாள் ராத்திரி ஷிப்ட்டுக்கு நல்ல பிள்ளையாக வந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு வர வேண்டிய ரிலீவருக்குக் காய்ச்சல். வேறு ஆளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் மணி பத்து. முகூர்த்தம் பத்தரை வரைக்கும்தான். மாப்பிள்ளை எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு பத்து இருபதுக்கு மண்டபத்தில் நுழைந்தார். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு, பொண்ணு வாணாமா, பாய்லரே போதுமா என்று கேட்டிருக்கிறார்.

"பொண்ணுகூட அவுங்க அம்மா இருக்காங்க மாமா. பாய்லர்கூட யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு மணையில் உட்கார்ந்தாராம் நம்மவர்.

மகள் பிறந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை நீட்ட, இவர் கையை நீட்டவில்லை. எத்தனை மணிக்குப் பிறந்தது, எப்போது பால் குடித்தது, சூடு எவ்வளவு, அழுகை நார்மலா என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பிள்ளையை வாங்கினார். நர்ஸ் அம்மாள் அன்றைக்கே வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டதாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம், ஆனால் நான் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் இருக்கிற கம்பெனியை மூடுவது லேசான காரியமா? ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மேனேஜர் எங்களை எல்லாம் முற்றத்தில் நிறுத்தி ஒரு காகிதத்தைப் படித்தார். இன்றோடு சரி, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அதன் சாரம். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். மாமாவைக் காணோம். பாய்லர் ரூமுக்கு ஓடினேன்.

"மாமா, கம்பெனியை மூடிட்டாங்க. எல்லாரையும் போவச் சொல்லிட்டாங்க."

அவர் பாய்லரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செரி. ரிலீவர் யாரு?" என்றார்.

மேனேஜரே இறங்கி வந்தார். இனிமேல் ஷிப்ட் என்று ஒன்றே கிடையாது என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். மாமா எழுந்தார், துண்டால் ஸ்டூலைத் துடைத்தார். அப்ப நீங்கதான் சார் ரிலீவர், ஒக்காருங்க என்றார். டை கட்டிய அந்த மனிதர் உட்கார்ந்தார். தண்ணீர் மட்டம், பம்ப்பின் முனகல், கசிகிற வால்வு என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கச் சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. அதுவரை இருவரும் மாமாவின் டிபன் பாக்ஸில் இருந்த மீன் குழம்புச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்ப வந்தவர் எங்களுக்கெல்லாம் அப்புறம்தான் வீட்டுக்குப் போனார்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பெரியவன் பத்தாவது, சின்னவள் ஏழாவது. என் மனைவி ஸ்டெல்லா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பாய்லரைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. கடலூரில் யார் வீட்டில் பாய்லர் இருக்கிறது? சவரம் செய்வதை விட்டேன். யாராவது விசாரிப்பார்கள் என்று பூசைக்குப் போவதையும் விட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். சொந்தக்காரர்கள் வந்து யோசனை சொன்னார்கள். முயல் வளர்க்கலாம் என்றார் ஒருவர். காளான் வளர்க்கலாம் என்றார் இன்னொருவர். நான் ஏற்கனவே தாடி வளர்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. காக்கி உடுப்பு, பூட்ஸ், கையில் டிபன் பாக்ஸ் சகிதம் மாமா நின்றார்.

"எந்திரி மச்சான். ஏ ஷிப்ட் ஆரம்பிச்சிடுச்சி."

கம்பெனியே இல்லை, ஏது ஷிப்ட் என்றேன். வேலை தேடுறது மட்டும் வேலை இல்லையா என்று கேட்டார். ஆறிலிருந்து இரண்டு மணி வரை நான் அலைய வேண்டும், அவர் போன் பக்கத்தில் உட்காருவார். இரண்டு மணிக்கு நான் போன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் அலைவார். ஸ்டெல்லா அந்த எட்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு டிபன் பாக்ஸ் கட்டினாள்.

இதில் போன் என்பது செல்போன்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதை அவரிடம் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பையில கெடக்குற போனும் ஆள் இல்லாத பாய்லரும் ஒண்ணு என்றார். எங்கள் இரண்டு பேர் பயோடேட்டாவிலும் ஒரே நம்பர். தேவனாம்பட்டினத்தில், கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில், ஒரு பலகை மேல் அந்தப் போன் வீற்றிருந்தது. பக்கத்தில் மாற்றி மாற்றிக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்போம். மீன் வாங்க வந்தவர்கள் நாங்கள் ஏதோ மந்திரம் போடுகிறோம் என்று தள்ளி நடந்தார்கள். முதல் வாரம் வந்த ஒரே அழைப்பு, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணுடையது. மாமா அந்தப் பெண்ணிடம், உனக்கு ரிலீவர் எத்தனை மணிக்கு வருவாங்கம்மா என்று கேட்டார். அந்தப் பெண் பத்து நிமிஷம் தன் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

நேர்முகத் தேர்வுகளிலும் அவர் அவராகவேதான் இருந்தார். ஒரு ஜவுளிக் கடையில், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். "நான் எங்க சார் விட்டேன்? அவுங்கதான் போனாங்க. நான் கடைசி வரைக்கும் இருந்தேன்" என்றார். வேலை கிடைக்கவில்லை, ஆனால் கேட்டவர் எழுந்து நின்று வழியனுப்பினார். அப்புறம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. எந்த வீட்டு நாய் எந்நேரம் குரைத்தது, எந்த மாடியில் குழாய் சொட்டுகிறது என்று மாற்ற வந்தவனுக்குத் தினமும் முக்கால் மணி நேரம் ஒப்பித்தார். பத்து நாளில் மூன்று ரிலீவர்கள் வேலையை விட்டு ஓடினார்கள். நாலாவது ஆளைத் தேடுவதைவிட மாமாவை அனுப்புவது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர் அசரவில்லை. மறுநாள் ஆறு மணிக்குப் படகடியில் ஆஜர்.

இரண்டாம் மாதக் கடைசியில் போன் உருப்படியாக ஒரு தடவை அடித்தது. சிதம்பரம் பக்கத்தில், அண்ணாமலை நகரில், மாணவர்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிற ஒரு அம்மாள் பேசினார். மெஸ்ஸில் நீராவியில் இட்லி வேகவைக்கச் சின்ன பாய்லர் ஒன்று வாங்கியிருக்கிறார், ஆள் வேண்டும். இரண்டு பேரும் சவரம் செய்துகொண்டு பஸ் ஏறினோம். ஒரே ஈட்டில் முந்நூறு இட்லி அவிகிற மெஸ் அது. ஓனரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் போதும்" என்றார்.

மாமாவுக்கு அனுபவம் ஜாஸ்தி. மாமாவையே எடுத்துக்கொண்டார். மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் பாய்லர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். நான் தனியாக பஸ் ஏறினேன். பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது. இரண்டு மாதம் மச்சான் மச்சான் என்று ஒரே போனுக்கு என்னோடு மாறி மாறிக் காவல் இருந்த மனிதர், போயிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீட்டுக்கு வந்து மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

மறுநாள் அக்கா போன் செய்தார். மாமா ராத்திரி வீட்டுக்கு வரவில்லையாம், மாற்றிவிட ஆள் வரவில்லை என்கிறாராம். அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் காலை ஓனரம்மாவே என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மாமாவை வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. எந்திரிக்க மாட்டேங்குறாரு."

போய்ப் பார்த்தால், ஸ்டூலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளியல்கூட பாய்லர் கண்ணில் படுகிற குழாயடியில்தானாம். விடியற்காலை நாலு மணிக்கு இட்லி, ராத்திரி ஒன்பது வரைக்கும் சோறு, குழம்பு, வெந்நீர். ஒரு ஆள் எப்படிப் பார்ப்பது என்று அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. சமையல் மாஸ்டரை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை என்றால் என்ன செய்வாய் என்று மாமா கேட்க, தண்ணி விடுவேன் என்றிருக்கிறார் மாஸ்டர். அதோடு அவர் கதை முடிந்தது.

என்னைப் பார்த்ததும் மாமா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஓனரம்மா காதில் விழுகிற மாதிரி அதே கேள்வியைக் கேட்டார்.

"கண்ணாடியில தண்ணி தெரியல. மொதல்ல என்னா பண்ணுவ?"

"தீயை நிறுத்துவேன். ஒரு சொட்டுத் தண்ணி விட மாட்டேன்."

"விட்டா?"

"காஞ்சு கெடக்குற இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிடும் மாமா. மெஸ்ஸு இருக்காது."

ஓனரம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ரெண்டு பேரும் இருங்க, மொதல்ல இந்த மனுசனை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்க என்றார். அவ்வளவுதான், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் போலிருந்தது, ஸ்டூலில் மாமா இருந்ததால் முடியவில்லை.

திட்டம் போட்டுத்தான் செய்தீர்களா மாமா என்று அன்றும் கேட்டேன், பிற்பாடும் பல தடவை கேட்டுவிட்டேன். ரூல் மச்சான், வேற ஒண்ணும் இல்ல என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நிலவரம் எல்லாம் சொல்லி முடித்து, கையெழுத்துப் போட நோட்டை நீட்டினார். அவர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டிருந்தபோது நான் முதல் பக்கத்தைப் புரட்டினேன்.

முதல் நாள், மதியம் இரண்டு மணி பத்து நிமிஷம். நான் வயிறு எரிந்துகொண்டு பஸ்ஸில் பு.முட்லூரைத் தாண்டியிருக்கும் நேரம். ரிலீவர் என்ற கட்டத்தில் அந்தோணி என்று என் பெயர். எதிரே, 'இன்னும் வரவில்லை.' இரண்டாம் நாளும் அந்தோணி, இன்னும் வரவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துத் தூக்கத்தில் கோணிப்போயிருந்தது. அந்தோணி, இன்னும் வரவில்லை, வருவான்.

இதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஒரு கண் பாய்லரில்தான் இருக்கிறது, மாமாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு அவர் வருவார், எல்லாவற்றையும் கேட்பார், கையெழுத்துப் போடுவார். அந்த முகத்தைப் பார்க்காமல் இப்போதெல்லாம் எனக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனசு வருவதில்லை.