ஈயண்ணை கண்டுபிடித்த இரண்டு புதுச் சாதிகள்

மனிதர் முகம் ஒன்றையும் நினைவில் வைத்திராத, ஈக்களின் முகம் ஒன்றையும் மறந்திராத ஒரே அரசாங்க உத்தியோகத்தர் இந்தத் தீவில் எங்கள் ஈயண்ணைதான். மாங்குளத்துக் கந்தோர் ஒன்றில் படவரைஞர். எங்கள் இஞ்சினியரையே வாசலில் மறித்து, "ஐயா ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டவர்.

அவருடைய பைத்தியம் கொள்ளைக்கார ஈ. பறக்கிற பூச்சியைப் பறந்தபடியே பிடித்து உறிஞ்சும் முரட்டு ஈ அது. விடுதியில் அவரோடு ஓர் அறையில் இருந்த நான் அதே கந்தோரில் கடிதம் எழுதும் தற்காலிக லிகிதர். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன். சோதனைக்குப் படிக்க மேசை வேண்டுமென்று நான் கேட்கவேயில்லை. மேசை நிறைய இருந்த, காய்ந்த ஈக்கள் குத்திய பெட்டிகளைத் தன் கட்டிலில் அடுக்கிவிட்டு அவர் நிலத்தில் பாய் விரித்தார்.

"தம்பி, இந்த ரெண்டும் ஒரு சாதியோ?"

"ஓம் அண்ணை."

"விசர்க்கதை! மீசையைப் பாரும். இது வெள்ளை, அது மஞ்சள். வெள்ளைக்கு வால் நுனி குறடு மாதிரி, மஞ்சளுக்கு உருண்டை."

ஒருநாள் என் கை பட்டுப் பெட்டி விழுந்தது. இரண்டு ஈக்கள் நடுவே முறிந்தன. பயத்தில் கந்தோர்ப் பசையால் ஒட்டி வைத்தேன். எந்த வால் எந்த ஈயினுடையது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மூன்றாம் நாள் அறை அதிர்ந்தது.

"தம்பி! வெள்ளை மீசைக்கு உருண்டை வால்! மஞ்சளுக்குக் குறடு! ஒண்டில்லை, ரெண்டு புதுச் சாதி!"

கொழும்பிலிருந்த பூச்சி நிபுணர் ஒருவருக்குப் பதினொரு பக்கக் கடிதம் எழுதினார். லீவு போட்டு, ஈக்களைப் பொதி கட்டி, சைக்கிளில் தபால் கந்தோருக்குப் பறந்தார். பொதி போனால் கொழும்பு அவரைப் பார்த்துச் சிரிக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கு அறையும் இல்லை, மேசையும் இல்லை. பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணை, அனுப்பாதேங்கோ!"

"ஏன், சரியாக் கட்டேல்லையோ?"

"வால்... நான் ஒட்டினனான்."

முத்திரை குத்த ஓங்கிய தபால் கந்தோர்க்காரரின் கை அந்தரத்தில் நின்றது. ஈயண்ணை பொதியைப் பிரித்தார். விரலை எச்சிலில் நனைத்து ஒரு வாலில் வைத்தார். வால் விரலோடு வந்தது. பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா ஒட்டியிருக்கிறீர். என்ர கண்ணுக்கே தெரியேல்லை."

பதினொரு பக்கத்தையும் கிழித்தார்.

"சோதனைக்கு ரெண்டு கிழமைதானே கிடக்கு? இதில நிண்டு என்ன செய்யிறீர்? சைக்கிளில ஏறும்."

அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. நல்ல ஈக்களெல்லாம் பெட்டி பெட்டியாக லொறியில் போயின. நான் ஒட்டிய இரண்டையும் மட்டும் நெருப்புப் பெட்டியொன்றில் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்.