அண்ணன் நிறைவேற்றிய என் வாக்குறுதிகள்

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவின் எலக்ட்ரிக் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பச்சைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான், உன் சித்தி, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். பிள்ளை பெற்ற உடம்போடு அலைய வேண்டாம் என்று உன் அம்மா, அதான் என் அண்ணி, தடுத்துவிட்டதால், உன் அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்கு நீ வர முடியவில்லை. "ஒண்ணு விடாம எழுதுங்க சித்தப்பா" என்று போனில் அழுதாயே, எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போய்க் காலியாக இருக்கிற வார்டு உறுப்பினர் பதவிக்கு நான் நிற்கப் போவதில்லை. யார் வந்து சொன்னாலும் சரி.

நகரசபைக் கூடத்தில் நிற்க இடமில்லை. என்னைப் பேசச் சொன்னது அண்ணிதான். மூன்று தேர்தலில் உன் அப்பாவிடம் தோற்றவனைப் புகழ்ந்து பேசச் சொன்னால் ஊர் சிரிக்காதா என்றேன். "ஊரே உங்களை எதிர்க்கட்சின்னுதான் கூப்பிடுது, இனிமே புதுசா என்ன சிரிக்கப் போகுது?" என்றார். சரியென்று இருக்கிற ஒரே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். நகரசபைத் தலைவர் தொண்டையைச் செருமி, "அன்னார் அவர்கள்..." என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, பட்டென்று கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. அந்த இருட்டில் கூடம் மொத்தமும் ஒரே குரலில் "அண்ணே!" என்று கூப்பிட்டது. நானும்தான் கூப்பிட்டேன். எந்தக் கூட்டத்தில் விளக்கு அணைந்தாலும் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து வருகிற எலக்ட்ரிக் கடைக்காரர் இனி வர மாட்டார் என்பது, கூப்பிட்ட பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அப்போது பார்த்தால் மேடையில் டார்ச் வெளிச்சம், நம்ம அண்ணி! கைப்பையில் டெஸ்டரோடு வந்திருக்கிறார் மகராசி. "ஃபியூஸ்தான் போயிருக்கு, கத்தாம உட்காருங்க" என்று அதட்டிவிட்டு, போய் மாட்டிவிட்டு வந்தார். கடையில் பாதி ரிப்பேர் அண்ணி கை வேலைதான் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளிச்சம் வந்தபோது தலைவருக்குப் பேச்சு மறந்துபோய், மைக் என் கைக்கு வந்தது. எழுதி வைத்ததை வீட்டிலேயே விட்டுவிட்டேன், வாயில் வந்ததைச் சொன்னேன். முதல் தேர்தலில் நான் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போடுவேன், பள்ளிக்கூடச் சந்துக்கு விளக்குப் போடுவேன் என்று நோட்டீஸ் அடித்திருந்தேன் அல்லவா, தோற்ற அன்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன், உன் அப்பா குனிந்து உள்ளே வந்து, "தம்பி, அந்தக் கூரை யோசனை அருமைப்பா. நீ கோவிச்சுக்கலைன்னா நான் செஞ்சுடட்டுமா?" என்கிறார்! கோபம் வராமல் என்ன செய்யும்? செய்தும் விட்டார். திறப்பு விழாவில் கத்திரிக்கோலை என் கையில் திணித்து, "யோசனை இவரோடது, தகரம் வாங்கிப் போட்டதுதான் நான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த தேர்தலுக்குப் புது வாக்குறுதி தேடி நாய்படாத பாடு பட்டேன், அதையும் செய்துவிட்டார். நன்றி சொல்லலாம் என்று போனால், "அதை விடு, அடுத்து என்ன யோசிச்சு வெச்சிருக்கே?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அன்றைக்குத் தடுக்க ஆளில்லை. "நான் ஆசைப்பட்டதையெல்லாம் இந்த ஊருக்குச் செஞ்சு குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றிண்ணே" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி அழுதேன்.

நான் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் ஒரு அம்மா எழுந்து, "அதெல்லாம் சரி, எங்க தெருக்குழாய் ஒழுகுதே, இனிமே யார்கிட்டச் சொல்றது?" என்றாள். மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணி என் காதருகே வந்து, "இடைத்தேர்தல்ல நில்லுங்க தம்பி" என்றார். "தோத்துட்டா?" என்றேன். "அது உங்களுக்குப் பழகினதுதானே." என் பயம் தோல்வியில் இல்லை மகளே, ஜெயித்துத் தொலைத்தால் என்ன செய்வேன்? எனக்குச் சொல்லத்தான் தெரியும். நான் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே உன் சித்தி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அவர் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து அவர் பெயரைக் கெடுப்பதா? முடியவே முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நீயும் அண்ணிக்குப் போன் போட்டு எடுத்துச் சொல்லு.

உன் பிள்ளைக்குத் தாத்தாவின் மனசும் பாட்டியின் துணிச்சலும் அப்படியே வரட்டும். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா என்கிற எதிர்க்கட்சி

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை மனு கொடுத்துவிட்டேன். அண்ணி வந்து கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், பக்கத்து மேஜையில் அவரும் அதே பதவிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்! "என்ன அண்ணி இது அநியாயம்?" என்றேன். "நீங்க நிக்கலைன்னா எனக்கு யாரு தம்பி யோசிச்சுக் குடுப்பாங்க? நீங்க பாட்டுக்கு நல்லா வாக்குறுதி குடுங்க, நான் ஜெயிச்சு செஞ்சுடறேன்" என்கிறார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரே யோசனையாக வருகிறது. என் ஓட்டு அண்ணிக்குத்தான். உன் சித்தியிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவள் எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போயிருக்கிறாள்.