இளநீர் ஜெல்லியில் ஒரு துண்டு அன்னாசி

எங்கள் வீட்டில் சந்தேகப்படாமல் வாய்க்குள் எதுவும் போகாது. பிஸ்கட் பாக்கெட்டில் சைவம் என்று பச்சைப் புள்ளி இருந்தாலும் அம்மா நம்பமாட்டாள். "புள்ளிதானே, யார் வேணா வெக்கலாம்" என்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பெண்ணாகப் பிறந்து, உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி.யும் படித்துத் தொலைத்தேன். பரம்பரைச் சந்தேகத்துக்குப் பட்டமும் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முலுண்டிலிருந்து மகேஷ் வீட்டார் எங்கள் மாட்டுங்கா ஃப்ளாட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மகேஷும் நானும் ஏற்கெனவே காபி குடித்துப் பேசி முடித்திருந்தோம். எனக்கு அவனை ரொம்பவே பிடித்துவிட்டது. அவன் அம்மாவின் சம்மதம்தான் பாக்கி. அந்த மாமியோ சந்தேகத்தில் எங்கள் அம்மாவையே தூக்கிச் சாப்பிடுகிறவள். "பொண்ணு லேப்ல எலி அறுக்கறாளாமே, அந்தக் கையாலயா சமைப்பா?" என்று கேட்டாளாம். வரன் கொண்டுவந்த சரோஜா மாமி வந்து சொன்னாள். (நான் எலியை அறுத்ததே இல்லை. எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுவேன்.)

சரி, அந்தக் கையாலேயே செய்து காட்டுவோம் என்று இளநீர் ஜெல்லியில் இறங்கினேன். உறைய வைக்க சைனா கிராஸ், அதாவது கடல்பாசி. சுத்த சைவம். கடைக்காரர் பொடியாகப் பொட்டலம் கட்டி, ஏக்தம் வெஜ் என்று சத்தியம் செய்தார். முதல் நாள் இளநீர், சர்க்கரை, பொடி மட்டும் போட்டு ஒத்திகை பார்த்தேன். கவிழ்த்தால் கும்மென்று நின்றது.

மறுநாள் அழகுக்கு அன்னாசி சேர்க்கலாம் என்று டின் வாங்கி வைத்திருந்தேன். அம்மா தடுத்துவிட்டாள். "டப்பாக்குள்ள என்ன நடந்துதுன்னு நாம பார்த்தோமா? பழமா வாங்கிண்டு வா." வாங்கினேன். வேகவைத்தால் வாசனை போய்விடுமே என்று, கலவை ஆறிய பிறகு பச்சையாகவே நறுக்கிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

அன்றைக்கு ரயிலில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காகப் பாதி வண்டிகள் ஓடவில்லை. முலுண்ட்காரர்கள் வருவதற்குள் ஜெல்லி இரண்டு தடவை உறைந்திருக்கலாம். திறந்து பார்த்தால் கிண்ணம் நிறையத் தண்ணீர். ஆட்டினால் அலை அடித்தது.

இது யாரோ செய்த வேலை என்று பட்டது. ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றுதான் இருந்தது. அம்மா தண்ணீர் விட்டுப் பெருக்கியிருப்பாளோ? (சாம்பாரில் அந்தப் பழக்கம் உண்டு.) இல்லை, சரோஜா மாமியா? காலையிலேயே வந்து உட்கார்ந்ததிலிருந்து ஐஸ் தண்ணி, ஐஸ் தண்ணி என்று ஃப்ரிட்ஜையே சுற்றிக்கொண்டிருந்தாள். மகேஷுக்குக் காட்ட டோம்பிவிலிப் பெண் ஒருத்தியின் ஜாதகமும் அவள் கையில் இருப்பது எனக்குத் தெரியும். அடிப்பாவி, என் கல்யாணத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

அம்மா அசரவில்லை. டம்ளர்களில் ஊற்றி, இளநீர் ஜூஸ் என்று கொண்டுபோய் நீட்டிவிட்டாள். முலுண்ட் மாமி முகர்ந்தாள், நாக்கு நுனியில் தொட்டாள், பிறகு மடக் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். மகேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். காரியம் கைகூடிய மாதிரிதான். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

லேபில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று முலுண்ட் மாமி கேட்டாள். நொதிகளைப் பற்றி எடுத்துவிட ஆரம்பித்தேன்.

"நம்ம சரோஜா மாமியையே எடுத்துக்கோங்கோ. தானா நடக்கணும்னா வருஷக்கணக்கா இழுக்கற காரியம், மாமி நடுவுல வந்தா சட்டுனு முடிஞ்சுடும். முடிச்சுட்டு மாமி கொஞ்சமும் கரையாம அடுத்தாத்துக்குக் கிளம்பிடுவா. நொதியும் அப்படித்தான்."

சரோஜா மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எனக்கும் உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. செய்கிற வேலையை வைத்து நொதிகளை ஏழு வகையாகப் பிரிப்பதைச் சொன்னேன். ஒன்றிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பது ஒரு வகை. ஒரு துண்டைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவது இன்னொன்று (எங்கள் அத்தை, எங்கள் பாத்திரங்களை). தண்ணீரைத் துணைக்கு வைத்து வெட்டுவது, தண்ணீரே இல்லாமல் பிரிப்பது, உள்ளதையே மாற்றி அடுக்குவது (அம்மா, மீந்த இட்லியை உப்புமாவாக), இரண்டை ஒட்டவைப்பது, சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் கடத்துவது. அன்னாசியில் இருப்பது தண்ணீர் சேர்த்து வெட்டுகிற வகை. அதுவும் புரதத்தைத்தான் வெட்டும், மற்றதைச் சீண்டாது. கொதிக்கவைத்தால் செயலிழந்துவிடும், அதனால்தான் டின் அன்னாசி பரம சாது என்றேன்.

சொல்லும்போதே மண்டையில் பளிச்சென்றது. வைவாவில் பதில் கிடைத்த மாணவி மாதிரி எழுந்தே நின்றுவிட்டேன்.

"சைனா கிராஸ் புரதமே இல்ல மாமி, அன்னாசி அதை ஒண்ணும் பண்ணாது. நேத்து அன்னாசி இல்லாம உறைஞ்சுது. இன்னிக்குப் போட்டதும் உறையவே இல்ல. அப்போ கடைக்காரன் குடுத்தது சைனா கிராஸே கிடையாது. ஜெலட்டின். எலும்பு, தோல் இதெல்லாம் காய்ச்சி எடுக்கறது."

எடுக்கறது என்று முடித்த பிறகுதான் மாமியின் கையிலிருந்த காலி டம்ளர் கண்ணில் பட்டது.

"அப்போ நான் ரெண்டு டம்ளர் எலும்பு குடிச்சிருக்கேன்" என்றாள் மாமி, நிதானமாக. டம்ளரைக் கீழே வைத்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். மகேஷ் வாசலில் திரும்பிப் பார்த்த பார்வையில் என் உயிரே போய்விட்டது. அன்றிரவு முழுக்க அழுதேன்.

மறுநாள் காலை மாமியே போன் செய்தாள். இரண்டு தடவை தலைக்குக் குளித்தாளாம். நான் மன்னிப்பைத் தொடங்குவதற்குள் வெட்டினாள்.

"தன் கல்யாணம் நின்னாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொன்ன பொண்ணை நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு நீ ரொம்ப நல்லவ, இல்ல அசடு. எதுவா இருந்தாலும் எங்காத்துக்குச் சரிப்படும்."

உண்மையாவது, ஒன்றாவது! வாய் தானாக ஓடியது என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

கல்யாணமாகி முலுண்டுக்கு வந்த பின், எங்கள் ஃப்ரிட்ஜில் பச்சை அன்னாசி ஒரு துண்டாவது இல்லாத நாள் கிடையாது. வாங்கிவரும் ஜெல்லிப் பொடி எல்லாம் மாமியார் முன்னிலையில் சோதனை பாஸ் செய்தாக வேண்டும். பரிசோதனை இப்போது பொடியோடு நிற்பதுமில்லை. மகேஷ் ஐரோலி ஆபீஸிலிருந்து பீர் வாசனையோடு நேரம் கழித்து வந்து, டிராஃபிக் என்று ஆரம்பித்தால் போதும், மாமியார் உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் கொடுப்பார்: "அந்த அன்னாசியை எடுத்துண்டு வா."