கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற கொடி

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் முகம்மது அர்ஷத்துக்கு, ஹபீப் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், உன் லாத்தாவும் என் வீட்டுக்காரியுமான சுபைதாவும் அல்லாஹ்வின் கிருபையிலும் சுகர் மாத்திரையின் ஒத்தாசையிலும் சுகமாக இருக்கிறோம். ஷார்ஜா வெயிலில் நீயும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க துஆ செய்கிறோம். வாய்ஸ் மெசேஜ் போடாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் பேசி அனுப்புவதை நீ இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று என் மகள் ஜஸீமா சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாதுல்லா? நிதானமாகப் படி.

நீ அனுப்பிய வீடியோ கேம் வந்து சேர்ந்தது. "இது இன்னும் முழுசா வெளிவரல மச்சான். ஆடிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, எங்க கடைக்கு வாங்கிப் போடலாமான்னு யோசிக்கணும்" என்று கேட்டிருந்தாய். ஜஸீமா லீவில் வந்தவள் அதை டிவியில் மாட்டி, எனக்கு நாலு பொத்தானைக் காட்டிவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். இனி என் கருத்தைக் கேள். தொப்பி போட்ட ஒரு குட்டிப் பயல் இடது பக்கம் நிற்கிறான். ஓடுதான், குதிக்கான், பள்ளத்துல விழுந்து சாவுதான், மறுபடியும் எந்திச்சு வாரான். வலது கோடியில் ஒரு கொடி இருக்கிறதாம், அதைத் தொட்டால் ஜெயமாம். நான் அந்தக் கொடியைக் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆனால் கட்டுமானத்தைப் பார்த்தேன். யா அல்லாஹ், எந்த மேஸ்திரி கட்டினான் அதை? செங்கல் அந்தரத்தில் நிற்குது. தூண் இல்லை, பீம் இல்லை. படிக்கட்டு பாதியில் முடிகிறது, கைப்பிடி கிடையாது. பயல் ஏன் விழ மாட்டான்? இருபது வருஷம் ஷார்ஜாவில் ஃபோர்மேனாக நின்று பன்னிரண்டு மாடி எழுப்பிய எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

அப்போதுதான் ஜஸீமா போனில் சொன்னாள், "வாப்பா, புடிக்கலன்னா நீங்களே கட்டலாம், அதுக்கும் அதுல வசதி இருக்கு" என்று. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். செங்கல், படி, கதவு, தண்ணீர் டிரம் எல்லாம் ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறான். எடுத்து எடுத்து வைக்க வேண்டியதுதான், லாரிக்காரனிடம் கெஞ்ச வேண்டியதில்லை, மணல் கடத்தல் என்று யாரும் மடக்குவதில்லை. சங்கரன்கோவிலில் நான் கட்டி நாங்கள் குடியிருக்கிற இதே வீட்டை அதற்குள் எழுப்பினேன் மச்சான். தெரு வாசல், ஹால், அடுப்படி, கொல்லை, அதில் தண்ணீர் டிரம், கடைசியில் கொல்லைச் சுவர், சுவர் மேல் கண்ணாடிச் சில்லு, எதுவும் குறையவில்லை. பள்ளம் ஒன்றுகூட வைக்கவில்லை. வீடு தேடி வருகிறவனைக் குழியில் தள்ளுவது என்ன பழக்கம்? தலையில் மிதித்துக் கொல்வதற்கென்று பாம்பு கொடுத்திருந்தான். கோமதியம்மன் கோவிலில் புற்றுமண் எடுத்துப் பூசுகிற ஊர் இது, இங்கே பாம்பை மிதிக்கச் சொன்னால் நாளைக்கு எதிர்வீட்டுப் பேச்சிராஜா முகத்தில் நான் எப்படி முழிப்பது? பாம்பை எடுத்துவிட்டு ஆட்டை விட்டேன். ஆட்டையும் மிதிக்க வேண்டாம் என்று பக்கத்தில் போர்டு வைத்தேன்.

இப்படிக் கட்டியதை, என்னைப் போலவே முன்கூட்டி ஆடிப் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்து வந்து ஆடலாமாம். விடுவேனா? ஃப்ளெக்ஸ் கடைக் கண்ணனைப் பார்த்து, கூலிங் கிளாஸ் போட்ட என் படத்தோடு "உலக மேடையில் சங்கரன்கோவில்! ஹபீப் மன்ஸில் திறப்பு விழா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்" என்று அடித்துத் தெருமுக்கில் கட்டிவிட்டேன். அடியில் "இவண்: ரசிகர் மன்றம்" என்று அவனாகப் போட்டுவிட்டான். எனக்கேது வே மன்றம் என்று கேட்டால், "அண்ணாச்சி, அடியில எதுவும் போடலன்னா ஃப்ளெக்ஸ் மொட்டையா இருக்கும்" என்கிறான்.

ஃப்ளெக்ஸ் ஏறிய பிறகுதான் ஜஸீமா சட்டத்தைச் சொன்னாள். கட்டியவனே ஒரு தடவை தெருவிலிருந்து கொடி வரைக்கும் ஆடிக் காட்டினால்தான் உலகத்துக்குத் திறந்துவிடுவானாம். நியாயமான சட்டம், எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்தக் கொடி இருக்கிறதே, அதை இடம் மாற்ற விடமாட்டேன் என்கிறான். அது என் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பயல் ஹாலைத் தாண்டுதான், அடுப்படியைத் தாண்டுதான், ஆட்டைத் தாண்டுதான், சுவர்ல ஏறி கண்ணாடிச் சில்லுல குத்துப்பட்டு மவுத்தாவுதான். செவ்வாய் முழுக்க மவுத்தானான். புதன் முழுக்க மவுத்தானான். பேச்சிராஜா டீக்கடையில் வைத்து, "என்ன வே, வெள்ளிக்கிழமை திறப்பு விழாவா, அடக்கமா?" என்று கேட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுவரைக் குறைக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நான் போட்ட மட்டம் போட்டதுதான், கட்டின சுவரை இடித்த சரித்திரம் எனக்கு இல்லை. இந்தச் சுவர் விஷயத்தில் உன் லாத்தாவோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது. நம் தெருவில் கொல்லைக்குக் கொல்லை பொம்பளைகள் போய்வர வாசல் உண்டு என்பது உனக்குத் தெரியும். ரோட்டில் இறங்காமலே நாலு வீடு தாண்டிக் கறிவேப்பிலை வாங்கி வந்துவிடுவார்கள். மூணு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைப் புதிதாகக் கட்டும்போது, பாதுகாப்புக்காக அந்த வாசலை நான் முழுச் சுவராக அடைத்தேன். அன்றிலிருந்து, பின்வீட்டு ஷஹீராவைப் பார்க்கத் தெருவைச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று தினமும் புலம்பல். புதன்கிழமை என் பின்னால் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டே, "மழைத்தண்ணி போக வழி வச்சிருக்கிய, பூனை போக வழி வச்சிருக்கிய, மனுசி போக வழி வச்சியளா?" என்றாள். "ஏட்டி, வீடு கட்டத் தெரிஞ்சவன் நானா நீயா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து பிஸ்மி சொல்லி மறுபடியும் உட்கார்ந்தேன். பயல் கொல்லைக்குப் போனான். குதிக்கப் போகும்போது கை தவறி அவனைத் தண்ணீர் டிரம்மின் பின்னால் நடக்க விட்டுவிட்டேன். மச்சான், டிரம்முக்குப் பின்னால் ஒரு வாசல்! அடக்கமான, அழகான, சரியான அளவில் ஒரு வாசல்! அதில் நுழைந்து அந்தப் பக்கம் போய்க் கொடியைத் தொட்டுவிட்டான். நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் பாத்திரம் உருண்டது. கட்டும்போது என்னை அறியாமலே அந்த வாசலை வைத்திருக்கிறேன் பார். மூளைக்குத் தெரியாததும் கைக்குத் தெரியும், அதுதான் அனுபவம். லாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாஷா அல்லாஹ், நீங்க வச்சதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. நெய்ச்சோறு போட்டேன். பேச்சிராஜாவே எனக்குச் சால்வை போர்த்தினான். மறுநாளே பிரேசிலில் இருந்து ஒருத்தன், இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது பின்வாசல்தான் என்று எழுதியிருக்கிறான். ஜஸீமா போனில் படித்துச் சொன்னாள், இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உலகமே மெச்சுகிற வாசல் விளையாட்டில் இருந்து, கட்டினவன் வீட்டில் இல்லை என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாளைக்குக் காலையில் கொத்தனார் வருகிறார். கொல்லைச் சுவரில் அதே இடத்தில், அதே அளவில் வாசல் திறக்கிறேன். இது இடிப்பது ஆகாது, மேம்படுத்துவது.

ஆக, கேம் நல்ல கேம். துணிந்து கடையில் வாங்கிப் போடு. கட்டுகிற பகுதிக்கு ஒரு நல்ல ஃபோர்மேன் தேவை என்று அந்தக் கம்பெனிக்காரனிடம் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத் செய்யட்டும், உன் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹபீப் முகம்மது,
ஃபோர்மேன் (ஓய்வு).

பி.கு.: தம்பி அர்ஷது, இது லாத்தா எழுதுதேன். ஒட்டித் தபாலில் போடச் சொல்லி இதை என்னிடம்தான் கொடுத்தார். அந்த வாசலை வைத்தது நான். அவர் அஸர் தொழப் போன நேரத்தில், ஜஸீமா போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல வைத்தேன். உடனே கண்ணில் பட்டால் பிடுங்கிப் போட்டுவிடுவார் என்றுதான் டிரம்மை முன்னால் நகர்த்தினேன். பிரேசில்காரன் யார் என்று ஜஸீமாவிடம் நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. ஷஹீராவுக்கும் எனக்கும் முட்டுவலி வந்த பிறகு எங்களால் தெருவைச் சுற்றி வர முடியவில்லை. சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்று கத்திக் கத்தியே எங்களுக்குத் தொண்டை போச்சு, அவள் முகத்தைப் பார்த்து ஒரு மாசம் ஆகிறது. நாளைக்குக் கொத்தனார் வந்து போகும்வரை நீ போனில் வாயைத் திறக்காதே. அப்புறமும் திறக்காதே. வாசலை அவரே வைத்ததாக இருக்கட்டும், போய்வரப் போகிறது நாங்கள்தானே.