என் வீட்டை நானே ஏலம் கேட்டது

சிகாமட்,
14-9-1931

கூலாயில் மளிகைக்கடை வைத்து மானத்தோடு வாழும் வேலு மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் அய்யாவு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கிருஷ்ணம்மாவும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்குப் பதில் போடவும். பணம் போட வேண்டாம். நான் பணம் கேட்டு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் கணக்கெழுதும் என் கிராணி வேலை போனது தாங்கள் அறிந்ததே. வீட்டுப் பத்திரத்தைச் செட்டியாரிடம் வைத்து வாங்கிய நானூறு வெள்ளிக்கு எட்டு மாதமாய் வட்டி கட்டவில்லை. அவர் சண்டைக்கு வருவார், நாமும் நாலு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தால், மச்சான், அரசாங்கமே வந்தது! சைக்கிளில் வந்த பியூன் நம் கதவில் முத்திரை போட்ட காகிதத்தை ஒட்டினான். என் பேர், என் அப்பா பேர், வீட்டின் நான்கு எல்லை, எல்லாம் அச்சில்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்பா பேரைத் தப்பாகத்தான் அடித்திருந்தார்கள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். "வீடு ஏலத்துக்குப் போவுதுன்னு போட்டிருக்கு, அத ஊருக்கே படிச்சுக் காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கிருஷ்ணம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று ஏலம். வெள்ளை உடுப்புத் துரை மரச்சுத்தியலைத் தூக்கியதும் நாற்பது பேர் கப்சிப். அடேயப்பா, என்ன கம்பீரம்! ஒரு சீன முதலாளி, பெரிய தவுக்கே, முந்நூற்றுப் பத்து என்றான். எனக்கு வயிறு எரிந்தது. மாரியம்மன் திருவிழா ஏலத்தில் ஒற்றை எலுமிச்சம்பழத்தை இருபத்தைந்து வெள்ளிக்கு எடுத்தவன் நான்; இந்த வருஷம் கேட்பது, அடுத்த திருவிழாவுக்குப் பணம் கட்டுவது, அதுதானே நம் வழக்கம்? "ஐந்நூறு!" என்று கத்தினேன். அவன் ஏற்ற, நான் ஏற்ற, தொள்ளாயிரத்தில் சுத்தியல் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. நம் வீடு இவ்வளவு பெறுமா என்று எனக்கே மலைப்பு. துரை ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கனகராஜ் ஓடி வந்து, "அலமாக்! அண்ணே, இது மாரியம்மன் கோயில் இல்ல லா! கால்வாசிப் பணம் இப்பவே கட்டணும்!" என்றார். என் பையில் இருந்தது பாதிச் சுருட்டு. துரை என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மூன்று மணி வரை தவணை கொடுத்தார். கட்டாவிட்டால் மறு ஏலமாம். தெய்வம் மாதிரி மனிதர்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். கிருஷ்ணம்மா அழவில்லை, மச்சான். அவள் கையால் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

தாங்கள் ஒன்றுக்கும் விசாரப்பட வேண்டாம். கடையைப் போட்டுவிட்டு வரவும் வேண்டாம். நான் சமாளித்துக்கொள்வேன். தங்கள் வீட்டில் காளியம்மா அக்காவுக்கு நமஸ்காரம்; பிள்ளைகள் நோய்நொடியின்றி நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
அய்யாவு

பின்குறிப்பு: கடன்பட்டவன் தன் வீட்டைத் தானே கேட்கக் கூடாதாம். யாருக்காகக் கேட்டாய் என்று துரை அதட்டியதும் பயத்தில் வாயில் வந்தது தங்கள் பேர்தான், புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். ஆகவே இருநூற்று இருபத்தைந்து வெள்ளியோடு புதன்கிழமை ரயிலிலேயே வந்து சேரவும். வீடு இனி தங்களுடையது. கிருஷ்ணம்மாவை மட்டும் அங்கேயே இருக்க விடுங்கள். நான் எங்கே படுப்பது என்று தாங்கள் வந்து சொன்னால் போதும்.