எறும்பைக் கேட்டு மிளகாய் காயவைத்தேன்

முதலில் தப்பு செய்தது எதிர்வீட்டு சாமுவேல் சார்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அன்றைக்கு எனக்கு ஒரே வேலை. மொட்டை மாடியில் காயும் ஐந்து கிலோ மிளகாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயந்திரம் மில்லுக்குப் போகவேண்டிய மிளகாய். ஒரு வருஷத்துக் குழம்புத் தூள்!

"மேகம் கறுத்தா வாரிடுங்க. இதையாவது உருப்படியா செய்யுங்க," என்று சொல்லிவிட்டு மனைவி கடைக்குக் கிளம்பினாள்.

அவள் தெருவைத் தாண்டியதும் மறைமலை நகரிலிருந்து மருமகன் போன். "மாமா, இங்க செம மழை. அங்கதான் வந்துட்டிருக்கு."

வாரலாம் என்று எழுந்தேன். நான் போனில் பேசியதைக் கேட்டு எதிர் மாடியிலிருந்து சிரிப்பு. சாமுவேல் சார், ரிட்டையர்டு சயின்ஸ் வாத்தியார்.

"மருமகனைக் கேக்காதீங்க சார், எறும்பைக் கேளுங்க! மழை வரும்னா அது இரை தேட வெளியவே வராது. தீனியைத் தூக்கிட்டு வரிசையா போகுதா, தைரியமா இருங்க."

நான் எட்டாவது தாண்டாதவன். வாத்தியார் சொன்னால் கேட்டுவிடுவேன்.

வாசலில் போய்ப் பார்த்தேன். கோலத்துப் பக்கமிருந்து சுவர் ஏறி ஒரு பெரிய வரிசை! ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக என்னவோ.

"சார், கோலத்து அரிசியைத் தூக்கிட்டுப் போகுது!"

"அப்புறம் என்ன? போய் டீ குடிங்க."

போனேன்.

பாதி டீயில் கொட்டியது பாருங்கள்! ஓடினேன். ஒரு செருப்பு டீக்கடையோடு நின்றுகொண்டது.

மாடியில் மிளகாய் மிதந்தது. மழைத்தண்ணீர் குழாய் வழியாகச் சிவப்பாக ரசம் இறங்கியது. சரியாக அதற்குக் கீழே, கையில் பையோடு மனைவி!

அவள் கண் சிவந்தது மிளகாயாலா, என்னாலா? கேட்கவில்லை.

எறும்பு விஷயத்தை விளக்கினேன்.

"அரிசியா? நான் கோலம் போடுறது கடையில விக்கிற கல்லு மாவுலங்க! அதை எந்த எறும்பு திங்கும்? மழை வருதுன்னு முட்டையைத் தூக்கிட்டு வீடு மாறியிருக்கு!"

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"நான் சொன்னது கரெக்ட்தானே சார்? முட்டையை அரிசின்னது நீங்க. கண்ணாடி போட்டுப் பாத்திருக்கணும்," என்றார்.

எட்டாவது ஃபெயிலானவன் கண்ணை நம்பி வானிலை சொன்ன வாத்தியார், என்னைக் கண்ணாடி போடச் சொல்கிறார்!

மழை விட்டதும் எறும்புகூட வெளியே வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து வரவேண்டிய 'சாரி'க்கு மட்டும் இன்னும் எந்த வானிலையும் ஒத்துவரவில்லை.