காட்டுப்பூனைக்குக் கருவாடு வைத்த கதை

எங்கள் மன்னார் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. யார் வந்தாலும் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டோம். பார்சல் கொண்டுவருகிறவருக்கு ஒரு ரோல்ஸ். ஹீட்டர் திருத்த வந்தவருக்கு ஒரு கடலை வடை (அவர் உறைப்புத் தாங்காமல் குழாயிலேயே வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார், பாவம்). இந்த வியாதி மனிதரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் அதைக் காட்டு விலங்குவரை கொண்டுபோனவன்.

ஜெர்மனியில், எசன் நகரில் எங்களுக்கு ஒரு சின்ன வாடகைத் தோட்டம் இருக்கிறது. வரிசையாகப் பல தோட்டங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர். தோட்டங்களுக்குப் பின்னால் பெரிய முட்பத்தை, ஒரே முட்புதர். அதை வெட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்பது தலைவர் ஹெர் போல்ட்டின் நெடுநாள் கனவு. அதை வெட்டக்கூடாது என்பது என் மகள் மெலனியின் கனவு. அந்தப் பத்தைக்குள் தடித்த வாலும் அதில் கறுப்பு வளையங்களுமாய் ஒரு பூனையைக் கண்டதாகத் தோட்டக்காரப் பெண் ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மையான காட்டுப்பூனை என்று நிரூபித்தால், சட்டப்படி பத்தையில் லேசில் கை வைக்க ஏலாது.

மெலனி உயிரியல் படிக்கிறவள். சீனாவின் மேட்டுநிலத்தில், யாக் மாடு மேய்க்கும் ஒரு கிராமத்தில் ஒரு கோடைகாலம் தங்கிவிட்டு வந்திருந்தாள். அங்கே பனிச்சிறுத்தை வாழும் மலைகளில், ஏதும் அசைந்தால் தானாகப் படமெடுக்கும் கமரா கட்டுவது மேய்ப்பர் குடும்பங்கள்தானாம். குடும்பத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு. அவர்களே மலையேறி பற்றரி மாற்றி, படங்களைக் கொண்டுவருவார்கள். நகரத்துத் தொண்டர்கள் கணினிக்கு முன் இருந்து, இது நரி, இது சிறுத்தை என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

"சிறுத்தை மாட்டுக் கண்டைத் திண்டால் வயிறு எரியாதே?" என்று கேட்டேன்.

"எரியும்தான் அப்பா. ஆனா அந்த நட்டத்தை முழு ஊரும் சேர்ந்து தாங்கும். சிறுத்தையை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

எனக்கு உடம்பு புல்லரித்தது. பக்கத்து வீட்டு ஆடு எங்கள் வளவுக்குள் வந்து முருங்கைக் கன்றைக் கடித்ததற்காகக் கோர்ட்டுக்குப் போன பரம்பரை நான்.

மெலனி அந்தக் கிராமத்தார் செய்வதைப் போலவே எங்கள் பத்தையிலும் ஒரு கமரா கட்டினாள். எதிரே ஒரு கட்டையை நட்டு, அதில் ஏதோ வேரின் சாற்றைத் தெளித்தாள். அந்த வாசத்துக்குப் பூனை வந்து உரசுமாம். "அப்பா, ஒண்டு சொல்லுறன். கமராவுக்குக் கிட்டப் போகாதேங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. நீங்கள் சும்மா இருந்தாலே காணும்" என்றாள்.

சும்மா இருந்தேன். ஆனால் நாட்கள் போகப்போக கமராவில் விழுந்ததெல்லாம் ஒரு கரிய குருவி மட்டும்தான். சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் பத்தையின் தலைவிதிக்கு வாக்கெடுப்பு. மெலனி சீனாவில் தங்கியிருந்த வீட்டுக்காரி டோல்மா, ஒரு மாநாட்டுக்காக ஹம்பேர்க்குக்கு வந்திருந்தவர், அன்று எங்கள் கூட்டத்தில் பேசுவதாக ஏற்பாடு. காட்ட ஒன்றும் இல்லாமல் பிள்ளையின் முகம் வாடிப்போயிருந்தது. பெற்ற மனம் கேட்குமா?

யோசித்துப் பார்த்தேன். குறை என்ன என்று பட்டென்று விளங்கியது. வாசத்தைக் காட்டிவிட்டுச் சாப்பாடு போடாத வீட்டுக்கு எந்த மானமுள்ள பூனை வரும்?

வியாழன் பின்னேரம், ஊரில் இருந்து மச்சான் கொண்டுவந்த கட்டா மீன் கருவாட்டில் நல்ல பெரிய துண்டாக எடுத்தேன். பச்சையாக வைப்பது மரியாதை இல்லை என்று தோட்டத்து கிரில்லில் வாட்டினேன். (அந்த மணம் எசனையே தாண்டியிருக்கும். எனக்கு நாவூறியது, மற்றவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை.) சாரத்தை, அதுதான் லுங்கியை, மடித்துக் கட்டிக்கொண்டு பத்தைக்குள் தவழ்ந்து போய், கட்டைக்கு அடியில் தட்டோடு வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தட்டு காலி. சந்தோசத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை.

சனிக்கிழமை காலை மெலனி கமராவின் கார்டைக் கழற்றிக்கொண்டு நேரே ஸ்டேசனுக்குப் போய் டோல்மாவைக் கூட்டிவந்தாள். படங்களைப் பார்க்க நேரமில்லை. "பயப்படாத பிள்ளை, எல்லாருக்கும் முன்னால போடு. இந்த முறை பிடிபட்டிருக்கும்" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் மர்மமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

சங்க மண்டபத்துத் திரையில் முதலில் வந்தது ஒரு பெரிய பின்புறம். சாரம் கட்டியிருந்தது. பிறகு என் முகம், கமராவுக்கு ஒரு முழத்தில். அந்தக் கமரா படம் மட்டும் எடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குக் காதும் இருந்தது. மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது: "வாங்கோ ராசா, வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ."

மெலனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மனுசி ஜெசிந்தா கதிரையில் இருந்து மெல்லச் சரிந்து, "அந்தோனியாரே, இந்த மனுசனை எனக்கு ஏன் தந்தனீர்?" என்றாள்.

அடுத்து, தோட்டங்களின் வீட்டுப் பூனைகள் எல்லாம் வந்தன. மோப்பம் பிடித்துக்கொண்டு உரிமையாளர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக ஹெர் போல்ட், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. போனில் நடுங்கும் குரலில், இங்கே ஒரு பிரேதம் கிடக்கிறது போல என்று பொலிசுக்குச் சொன்னார். பிறகு இரண்டு பொலிசார். ஒருவர் கையுறை போட்டு என் கருவாட்டை மிகுந்த மரியாதையோடு பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். காட்டுப்பூனையின் மயிர்கூட இல்லை.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. போல்ட் இந்த விசயத்தை யாருக்கும் மூச்சு விடாமல் மறைத்து வைத்திருந்தார் போல, தக்காளியாகச் சிவந்துபோனார். மெலனியின் கண் கலங்கியிருந்தது. எனக்கு உயிரோடு மண்ணுக்குள் போக வேண்டும் போல இருந்தது.

டோல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கும் சிரித்துத்தான் கண்ணீர். அவர் சீன மொழியில் சொல்லச் சொல்ல, மெலனி ஜெர்மனில் சொன்னாள். எங்கள் ஊரிலும் தொடக்கத்தில் கமரா நிறைய நாங்கள்தான் விழுந்தோம் என்றார். கமராவின் உயரம் சரியா என்று பார்க்க, பெரிய மனிதர்களே சிறுத்தை போல நாலு காலில் தவழ்ந்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்க ஊரே கூடியது. பார்த்த பிறகுதான், எங்கள் பள்ளத்தாக்கிலும் ஒன்று கட்டுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டு வந்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, "சாப்பாடு வைத்தால் யாருக்குப் பசி என்று தெரியும். இங்கே யார் வாழ்கிறார் என்று தெரியாது" என்றார்.

ஹெர் போல்ட் தொண்டையைச் செருமினார். தன் தோட்டத்தில் கட்டுவதென்றால் இந்தக் கமராவுக்கு என்ன பற்றரி போடவேண்டும் என்று கேட்டார். பின்வரிசையில் இன்னொருவர், எனக்கும் ஒன்று என்றார். வாக்கெடுப்பு தள்ளிப்போனது, இன்றுவரை தள்ளித்தான் இருக்கிறது. காட்டுப்பூனை இன்னும் வரவில்லை. ஆனால் நரி வருகிறது, முள்ளெலி வருகிறது. போல்ட் தன் தோட்டத்து நரியின் படத்தைப் பேரப்பிள்ளையின் படம் போல எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கார்களைத் தெருவில்தான் நிறுத்துகிறோம்.

அன்று பின்னேரம் டோல்மா எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார் (எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்). மலையேறித் தன் கமராவுக்குப் பற்றரி மாற்றும் அந்த மனுசியை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. சொந்தக்காரி மாதிரி.

ஒவ்வொரு புதுவருசத்துக்கும் அவருடைய பள்ளத்தாக்கில் இருந்து எங்களுக்கு ஒரு படம் வரும். பனிக்குள் ஒரு சிறுத்தை, கமராவை நேரே பார்த்தபடி. கீழே ஒரு வரி எழுதியிருக்கும். மெலனி அதை வீட்டில் எல்லோருக்கும் கேட்க, என்னைப் பார்த்தபடியே வாசிப்பாள்:

"இவர் தானாக வந்தவர். கருவாடு வைக்கவில்லை."